கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

காலையில் சிறை அறைகளைத் திறந்துவிட்டபோது, சமையற்கட்டில் வேலை செய்யும் கைதி மட்டும் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது. அன்று பார்வையாளர் நாள். அவனை வளர்த்த அக்கா எப்படியும் வந்துவிடுவாள்.

“வந்ததும் பக்குவமா சொல்லிடுங்க,” என்று ஜெயிலர் பொறுப்பைத் தலைமைக் காவலரிடம் தள்ளிவிட்டார்.

காவலர் குளியல் வரிசையில் மூண்ட சண்டையை விலக்கினார். மதியச் சாப்பாட்டை ருசி பார்த்தார். அதற்குமேல் தள்ளிப்போட வேலை எதுவும் கிடைக்காமல் பார்வையாளர் அறைக்குப் போனார்.

அக்கா கண்ணாடித் தடுப்பின் முன்னால் உட்கார்ந்து, ஃபோனைக் காதில் வைத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்க நாற்காலி காலியாக இருந்தது. இரண்டு பக்கத்து ஃபோன்களையும் இணைக்கும் சுவிட்சைக் காவலர் இன்னும் போடவே இல்லை.

“அம்மா…” என்று ஆரம்பித்தார்.

“நல்லவேளை வந்தீங்க தம்பி. உங்ககிட்டதான் ஏதோ பேசணுமாம்,” என்று ரிசீவரை நீட்டினாள்.

வாங்கிக் காதில் வைத்தார். பழகிய குரல் தணிவாகக் கேட்டது.

“ஐயா, அக்கா தனியா வந்திருக்கு. வீடு போய்ச் சேரட்டும். அப்புறம் சொல்லுங்க.”

காவலர் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தார்.

“என்ன சொல்றான்?” என்றாள் அக்கா.

“உங்களைப் பத்திரமா பஸ் ஏத்திவிடச் சொல்றான்.”

அவள் எழுந்து, கண்ணாடியைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு காவலர் பக்கம் திரும்பினாள்.

“நீங்களும் கையைக் காட்டுங்க தம்பி. உங்களையேதான் பார்த்துக்கிட்டிருக்கான்.”

காவலர் காலி நாற்காலியைப் பார்த்து மெதுவாகக் கையைத் தூக்கினார்.