அடுத்தது அணிலம்மா

தானிய மண்டி முதலாளி பெருச்சாளிக்கு ஓயாத வேலை. களைப்புத் தீர, ஒரு புத்தகத்தில் படித்து ஜப்பான்காரர்களைப் போல வெந்நீர்த் தொட்டியில் ஊறத் தொடங்கினார். நாற்பது வாளி வெந்நீரைச் சுமந்து கொட்டியது ஜப்பான்காரர் இல்லை, வேலைக்கார அணிலம்மாதான்.

அரை மணி நேரம் ஊறி எழுந்த முதலாளி, “தொட்டித் தண்ணீரை வெளியே திறந்து விடு” என்றார்.

“முடியாது. ஜப்பானில் வீட்டிலுள்ள எல்லோரும் அதே தண்ணீரில் முறைவைத்து ஊறுவார்களாம். அடுத்தது நான்.”

“யார் சொன்னது?”

“உங்கள் புத்தகம்தான். நீங்கள் மூன்றாம் பக்கத்திலேயே தூங்கிவிட்டீர்கள்.”

“ஊறுவதற்கு நீ என்ன முதலாளியா?”

“இல்லை. முதுகு வலிக்கிறவள்.”

அணிலம்மா தொட்டிக்குள் இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டாள். “அந்தத் துண்டை இங்கே எடுத்து வைத்துவிட்டு மண்டிக்குக் கிளம்புங்கள். கதவைச் சாத்திக்கொண்டு போங்கள், குளிர்காற்று வருகிறது.”