ஜாம் பாட்டிலில் மிளகு

"விடுங்க க்ளாரி! விடுங்கன்னு சொல்றேன்ல!"

ஜனீன் துணிக்கூடையை அப்படியே போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

மாமனார் க்ளாரி நாற்காலியில் உட்கார்ந்து, நாய்க்குட்டி ஜாஃபாவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்திருந்தார். அதன் காதுக்குப் பின்னால் விரலை விட்டு எதையோ கிள்ளி இழுத்துக்கொண்டிருந்தார். குட்டி வீல் வீலென்று கத்தியது.

"கொஞ்சம் இரு கண்ணு... இன்னும் ஒண்ணு இருக்கு."

"என்ன ஒண்ணு?"

கிழவர் அவளை அண்ணாந்து பார்த்தார். வாய் திறந்தது. சொல்ல வந்தது எங்கேயோ நழுவிவிட்டது. கொஞ்ச காலமாகவே அப்படித்தான். பெற்ற பிள்ளையின் பேரே சில நாள் நழுவிவிடும்.

"வாயில்லாத ஜீவனைக் கிள்ளி அழ வைக்கறதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்?" என்று குட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

காட்டோரத்து வீட்டில் ஒரு நாய் இருந்தால் அப்பாவுக்குத் துணையாக இருக்கும் என்று அவள் கணவன் ட்ரெவர்தான் யோசனை சொன்னான். சொல்லிவிட்டுச் சுரங்க வேலைக்குப் பெர்த் பக்கம் விமானம் ஏறிவிட்டான். மிச்சமெல்லாம் ஜனீன் தலையில்.

வந்த புதிதில் குட்டி தாயைத் தேடி அழுதது. அப்புறம் தீனி மாறியதில் வயிற்றுப்போக்கு. வேகவைத்த கோழியையும் சோற்றையும் பிசைந்து ஊட்டி, தரையைத் துடைத்து, கிழவருக்குச் சட்டை மாட்டிவிட்டு, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வேலைக்கு ஓட வேண்டும். "வயிறு சரியானதும் இதைக் கொடுத்துடுங்க" என்று நாய் டாக்டர் தந்த மாத்திரை ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது. உட்கார்ந்து ஒரு டீ குடிக்கவே அவளுக்கு நேரம் இல்லை.

அன்று கிழவரின் அறையை ஒழித்தபோது ஜன்னலோரம் ஒரு ஜாம் பாட்டில் இருந்தது. ஸ்பிரிட் வாடை. அடியில் மிளகு போல என்னவோ ஊறிக் கிடந்தது. பாட்டில் மூடி, துருப்பிடித்த ஆணி என்று எதையாவது சேர்த்து வைப்பது அவர் வழக்கம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பையில் போட்டாள்.

சாயங்காலம் ட்ரெவர் போன் பண்ணினான்.

"உங்கப்பா குட்டியைத் தினமும் போட்டுக் கிள்ளறார், ட்ரெவ். ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டு மாரடிக்க என்னால முடியல."

"டவுன்ல இருக்கற முதியோர் ஹோம்ல ஒரு ரூம் காலியாகுதாம். கேட்டு வைக்கட்டுமா? அப்பாவை வெச்சுக்கிட்டு நாயை யார் பார்த்துக்கறது?"

ஜனீன் வராந்தாவைப் பார்த்தாள். கிழவர் வெறும் மடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கேட்டு வை" என்றாள். சொன்னது அவளுக்கே கசந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

மறுநாளிலிருந்து, அவள் வேலைக்குப் போனால் ஜாஃபா துணி துவைக்கும் அறையில். வந்த பிறகு பின்பக்கப் புல்வெளியில். க்ளாரி பக்கமே விடவில்லை. அவர் மூடிய கதவுக்கு வெளியே நின்று, "பெஸ் எங்க? பெஸ்ஸைப் பார்க்கணுமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பெஸ் மாடு மேய்ச்ச உங்க பழைய நாய், க்ளாரி. அது செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு."

"அப்படியா?" என்பார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கதவருகே வந்து நிற்பார்.

ஒரு வாரம் போயிருக்கும். வேலை முடிந்து வந்தவள் கதவைத் திறந்தால், குட்டி துள்ளி வரவில்லை. எழுந்தது, பின்னங்கால் இரண்டும் குடிகாரன் கால் மாதிரி பின்னிக்கொண்டு விழுந்தது. குரைக்கப் பார்த்தது, வெறும் காற்றுதான் வந்தது.

அப்படியே நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் அம்மாள் ஒவ்வொரு இடமாக முடியை விலக்கிக்கொண்டே போய், கால்விரல் இடுக்கிலிருந்து பட்டாணி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் உப்பியிருந்த ஒன்றை இடுக்கியால் எடுத்தார்.

"உண்ணி. நம்ம பக்கத்து உண்ணி முதல்ல காலை இழுக்கும், அப்புறம் மூச்சை நிறுத்திடும். உண்ணிக்கு நான் தந்த மாத்திரையைக் கொடுத்தீங்களா?"

"ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கு" என்றாள் ஜனீன்.

டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, குட்டியின் கழுத்து முடியைச் சிரைத்தார். காதுக்குப் பின்னால், கழுத்தடியில், அக்குளில், அங்கங்கே ஆறிப்போன சின்னச் சின்னப் பொருக்குகள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. இத்தனை கடிக்கு, மாத்திரையும் இல்லாம, இது எப்பவோ போயிருக்கணும். யாரோ தினமும் உடம்பு பூரா தடவித் தடவிப் பார்த்து, தலை உள்ளே மாட்டாம சுத்தமா எடுத்திருக்காங்க. இந்த ஒரு வாரமாத்தான் விட்டிருக்காங்க. யாரு அது?"

ஜனீனுக்கு ஜாம் பாட்டில் ஞாபகம் வந்தது. அது மிளகு இல்லை. "என் மாமனார்" என்றாள்.

குட்டி பிழைத்துக்கொண்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிழவர் மடியில் வைத்தாள்.

"யாரோட நாய் கண்ணு இது?"

"உங்களோடதுதான், க்ளாரி."

"அப்படியா?" அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல்கள் குட்டியின் காதுக்குப் பின்னால் போய்விட்டன. குட்டி வீலென்றது.

ஜனீன் உள்ளே போய் ஒரு ஜாம் பாட்டிலைக் கழுவி, ஸ்பிரிட் ஊற்றி, அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

போன் அடித்தது. ட்ரெவர்.

"ஹோம்ல ரூம் ரெடியாம், ஜனீன். என்ன சொல்லட்டும்?"

"வேண்டாம்னு சொல்லிடு" என்றாள் அவள். "உங்கப்பாவை அனுப்பிட்டா, நாயை யார் பார்த்துக்கறது?"