க்ளைவ் பக்கம்

யார்க்‌ஷயர் மலைச்சரிவில் பிப்ரவரி வெயில் சூடில்லாமல் கிடக்கிறது. தண்டவாளத்தை அசையாமல் பிடித்திருக்கும் மர ஆப்புகளில் தளர்ந்து துருத்தியவற்றை ப்ரெண்டா ஒவ்வொன்றாக அடித்து இறுக்கிக்கொண்டே போகிறாள். ஈஸ்டருக்குப் பழைய நீராவி ரயில் ஓடியாக வேண்டும். தேநீர்க் குடுவையோடு பின்னால் வரும் லென், அவளைப் போலவே சம்பளமில்லாமல் உழைக்கிறவர், நின்றுவிடுகிறார். “என்ன ப்ரெண்டா, இடது பக்கம் பூரா அப்படியே கெடக்கு?” “அது க்ளைவ் பக்கம்,” என்கிறாள். சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்க்கிறாள். அவள் தொடங்கிய பாலம் வரைக்கும் இடப்பக்கத்து ஆப்புகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. இருபது வருஷம் ஆளுக்கொரு பக்கமாக அடித்துக்கொண்டு கூடவே நடந்த கணவனை கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் புதைத்தார்கள். “சுத்தியலக் கொடும்மா, நான் பாத்துக்கறேன்.” அவள் கொடுக்கவில்லை. பாலத்துக்கே திரும்பிப் போய், இடப்பக்கத்து முதல் ஆப்பை ஓங்கி அடிக்கிறாள். அடித்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து வரவேண்டிய அடிக்காகச் சற்று நிற்கிறாள்.