இடப்பக்கக் கேலரி

கல்லூரி கால்பந்து அணியில் ரூபன் ஆடிய கடைசி ஆண்டில், அவர் ஓடுவதையும் உதைப்பதையும் கல்லூரி முழுமையாகப் பதிவுசெய்து வைத்துக்கொண்டது. அடுத்த மாதமே ஓர் ஆட்டத்தில் அவருடைய முழங்கால் நொறுங்கியது. பிறகு அவர் பந்தைத் தொடவில்லை. அந்தப் பதிவிலிருந்து உருவாக்கிய, ஒளியாலான இருபது வயது ரூபன் மட்டும் அதே மைதானத்தில் புதியவர்களோடு ஆடிக்கொண்டிருந்தான்.

இப்போது அவர் மகள் ஜெசிந்தா அந்த அணியின் கோல்கீப்பர். அவள் விடாமல் கூப்பிட்டதால்தான் ரூபன் பயிற்சியைப் பார்க்க வந்து, கோல் வலைக்குப் பின்னால் நின்றார்.

ஒளியாலான அந்த இளைஞன் பெனால்டி அடிக்க வந்தான். இடப்பக்கக் கேலரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு உதைத்தான். பந்து வலைக்குள் போனது.

"எப்பவும் அங்கதான்ப்பா பாக்குது. அங்க யாருமே இல்ல. ஏதோ கோளாறுன்னு கோச் சொல்றாரு. நாளைக்கு அந்தச் சிரிப்ப மட்டும் எடுத்துடப் போறாங்க" என்றாள் ஜெசிந்தா.

"கோளாறு இல்லம்மா. நான் ஆடறப்போ உங்கம்மா அங்கதான் உக்காந்திருப்பா."

ஜெசிந்தா பிறந்த வருடமே அவள் அம்மா கஸ்தூரி இறந்துபோயிருந்தாள். ஜெசிந்தா காலி வரிசைகளைப் பார்த்தாள்.

"எந்த எடம்ப்பா?"

ரூபன் காலை இழுத்துக்கொண்டு படியேறிப் போய் ஓரிடத்தில் உட்கார்ந்தார்.

கீழே இளைஞன் அடுத்த பந்தை வைத்தான். நிமிர்ந்து, நேராக அவரைப் பார்த்துச் சிரித்தான். கஸ்தூரி மட்டுமே பார்த்திருந்த தன் முகம் எப்படியிருந்தது என்று ரூபனுக்கு அப்போதுதான் தெரிந்தது.