ஏழாவது பொட்டு

"இதுக்குப் பேரு ஃபோர்செப்ஸாம்மா? கையில எடுத்தா கழண்டு விழுது!"

கண் ஆஸ்பத்திரி தியேட்டர் சிஸ்டர் கம்பெனிக்கே வந்து பையைக் கவிழ்த்தாள். கம்பி வேறு, பிடி வேறு என்று பிரிந்துபோன பத்துப் பதினைந்து குட்டி இடுக்கிகள் மேஜையில் சிதறின. கண் ஆபரேஷனில் ரத்தம் கசிகிற இடத்தைக் கரண்ட் வைத்துச் சுட்டு அடைக்கிற சாமான்.

எதிரே இருந்த பெண்தான் அதை டிசைன் செய்தவள். முப்பது வயசுகூட இருக்காது.

"ஆட்டோகிளேவ்ல வச்சீங்களா சிஸ்டர்?"

"வைக்காம? கழுவி, நீராவியில வேகவச்சுத்தானே அடுத்த ஆளுக்கு எடுக்கணும்!"

"ஒரு தடவைதான் பயன்படுத்தணும்னு கவர்லயே போட்டிருக்கே."

"கவர்ல ஆயிரம் போடுவீங்க. எங்ககிட்ட வர்றது யாரு? மூட்டை தூக்குறவங்க, வீட்டு வேலை செய்றவங்க. ஆளுக்கொரு புதுசுன்னு அவங்க தலையில கட்டச் சொல்றியா? மனசு கேட்குமா?"

சிஸ்டர் மேஜையில் ஓங்கித் தட்டினாள். இல்லாதவர்களுக்காக இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரியோடு மல்லுக்கட்டுகிறவள். அந்தக் கோபத்தில் பொய்யே கிடையாது.

"பழைய மாடல் என்னமா உழைச்சுது! இதுல பிடியில என்னத்தையோ மாத்தியிருக்கீங்க. சூடு பட்டதும் இளகிடுது. தெரியாமப் பண்ணினதா இது?"

"இல்ல சிஸ்டர். வேணும்னேதான் அப்படிச் செஞ்சேன்."

சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்சமாவது மழுப்புவாள் என்று நினைத்திருந்தாள்.

"அடிப்பாவி! வாய் கூசாம சொல்றியே! கம்பெனி கொழிக்கணும்னு ஏழை வயித்துல அடிப்பியா? உன் வீட்டு ஆளு ஒருத்தர் எங்க டேபிள்ல வந்து படுத்தாத்தான் உனக்கெல்லாம் புத்தி வரும்!"

அந்தப் பெண் டிராயரைத் திறந்தாள். பழைய மாடல் ஒன்றை எடுத்து வைத்தாள். பிடியில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள்.

சிஸ்டர் முகம் மலர்ந்தேவிட்டது.

"அட, இது எங்களோடதாச்சே! என் நெயில் பாலிஷ்தான். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பொட்டு வைப்பேன். எண்ணிப் பாரு, ஏழு பேரு! உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"உங்க டாக்டர்கிட்ட கேட்டு வாங்கினேன். லென்ஸ் வச்சுப் பார்த்தேன் சிஸ்டர். மேல்பூச்சுல மயிரிழையா ஒரு விரிசல். அதுக்குள்ள முந்தின ஆளோட ரத்தம் காய்ஞ்சு கிடந்தது. எத்தனை கழுவினாலும் அது போகாது."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா..."

"ஏழாவது ஆளு?"

சிஸ்டர் யோசித்தாள். "ஆமா, ஒருத்தருக்குச் சீழ் பிடிச்சுது. ஆயிரத்துல ஒருத்தருக்கு அப்படி ஆகும்னு பெரிய டாக்டரே சொன்னாரே."

"இந்தப் பழசைத் தாங்குற மாதிரி செஞ்சுட்டோம்னு பெருமை அடிச்சுக்கிட்டவ நான்தான் சிஸ்டர். கழுவவே முடியாதபடி அன்னைக்கே செஞ்சிருந்தா, நீங்க கழுவியிருக்கவே மாட்டீங்க."

அதற்குள் பக்கத்து அறையிலிருந்து, சுவரைத் தடவிக்கொண்டே ஒரு பெரியவர் வந்தார். கறுப்புக் கண்ணாடி. கவர் ஓரமெல்லாம் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிற வேலை அவருக்கு.

"குரலைக் கேட்டதும் நினைச்சேன். 'ஆடாம படுங்க ராஜா'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்ட சிஸ்டர்தானே நீங்க?"

சிஸ்டரின் கண் மேஜையில் இருந்த ஏழாவது பொட்டில் போய் நின்றது. ராஜா என்றுதான் அவள் எல்லாரையும் கூப்பிடுவாள்.

"அப்பா, நீங்க உள்ள போங்க," என்றாள் அந்தப் பெண். பிறகு குனிந்து சிஸ்டரின் காதோடு, "அவருக்குப் பொட்டு விஷயம் தெரியாது," என்றாள்.

பெரியவர் போகவில்லை. காற்றில் துழாவி, சிஸ்டரின் கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார்.

"இருந்த ஒத்தைக் கண்ணும் போச்சு, அது என் தலையெழுத்து. ஆனா அன்னைக்குப் பெத்த பொண்ணு மாதிரி பார்த்துக்கிட்டீங்க. இந்தக் கை நல்லா இருக்கணும்மா!"