ஹீரோ குரலில் ஒரு ரோபோ

வாஷிங் மெஷின் வாங்க குளுவாங் டவுன் கடைக்குப் போன லோகேஸ்வரன், வீடு கூட்டும் ரோபோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு ரெங்கத்திலுள்ள வீட்டுக்குத் திரும்பினான்.

ரெண்டு வாரமாகக் கையால் துணி துவைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஷாமளா, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வாளியில ஊற வச்சிருக்கிற துணியை இதுவா அலசும்?”

“அலசாது. ஆனா ஆன் பண்ணினா, சின்ன வயசுல இருந்து நான் ரசிக்கிற ஹீரோ குரல்லயே ‘தள்ளி நில்லு, நான் பார்த்துக்கிறேன்’னு சொல்லும்.”

“அவர் எந்தப் படத்துல வீடு கூட்டினாரு?”

“கூட்டலதான். ஆனா விளம்பரத்துல அந்தப் பழைய படத்துச் சிவப்புச் சட்டையோட ரயில்ல இருந்து இறங்கி வர்றாரு. கடை டிவியில பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பக்கத்துல நின்ன அங்கிளும் அழுதாரு லா.”

“அவரும் வாங்கினாரா?”

“ரெண்டு வாங்கினாரு.”

ஷாமளா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். “பழைய பட ஞாபகத்தைக் கிளறி, ரசிகர்களை அழ வச்சு விக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அந்த ரயிலு, சட்டை எல்லாமே கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு தெரியாதா?”

“நல்லாத் தெரியும்.”

“தெரியாம எப்படி இருக்கும்? ஜோகூர் பாரு ஆபீஸ்ல ஒரு மாசம் உட்கார்ந்து அந்த விளம்பரத்தை எழுதினதே நீங்கதானே?”

லோகேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான்.

“எழுதும்போது, இதைப் பார்த்து எவன் வாங்குவான்னு நானே சிரிச்சேன், ஷாமளா. அப்ப மியூசிக் போடல.”