பைலட்டக்காவின் வீட்டுக்காரர்

ஏணியின் மூன்றாவது படியில் அவர் நின்றுவிட்டார்.

மேலே ஏறவும் இல்லை. கீழே இறங்கவும் இல்லை.

"ஏறுங்க பைலட்டண்ணா. நாங்க கீழயிருந்து டாட்டா காட்டறோம்" என்றாள் மரகதம்.

தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பல்லடம் ரோட்டோரம் மூடிப்போன இன்ஜினியரிங் கல்லூரி. மாணவர்கள் பார்க்கட்டும் என்று எப்போதோ கொண்டுவந்து நிறுத்திய பழைய மிக் போர் விமானம். கல்லூரி போய்விட்டது. விமானத்தால் போக முடியவில்லை. அதன் இறக்கையில் வாட்ச்மேன் சம்சாரம் மோர்மிளகாய் காயவைக்கிறார். சக்கரத்தில் ஆட்டைக் கட்டுகிறார்கள். எங்களுக்கு அது அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். கைவிட்ட போர் விமானங்களை ஊர் ஊராகத் தேடிப் போய்ப் பார்ப்பார்களாம். அதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறதாம். வாலில் மங்கிப்போன எண்ணைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் படித்தார்கள். படித்ததும் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொருவர் துருவில் புறங்கை வைத்துப் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

இதையெல்லாம் ஓட்டிய பைலட் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார் என்று யாரோ அவர்களிடம் சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது என்பதெல்லாம் இப்போது எதற்கு.

அழைத்து வந்தாயிற்று. ஏணி சாத்தியாயிற்று. கண்ணாடி மூடியை நெம்பித் திறந்தாயிற்று. அவர் உள்ளே உட்கார வேண்டியதுதான் பாக்கி. படம் எடுத்து, பெயர் போட்டு, விமானப்படைக்காரர்கள் எல்லாம் பார்க்கிற இடத்தில் போடுவார்களாம். அவரோடு வேலை பார்த்தவர்கள்கூடப் பார்ப்பார்களாம்.

அதைக் கேட்டபோதுதான் அவர் கை ஏணியை இறுக்கியது.

ரிட்டயராகி எங்கள் தெருவுக்குக் குடிவந்த வாரமே அவரைப் பைலட் ஆக்கிவிட்டோம். ரயில்வேயில் இருப்பவர்கள் எல்லோரும் ரயில் ஓட்டுவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். விமானப்படையில் மட்டும் எல்லோரும் பறப்பார்கள் என்று நினைத்தோம்.

முதல் தடவை அவர் மறுக்கவில்லை.

இரண்டாம் தடவை மறுப்பது கஷ்டம்.

அப்புறம் கல்யாணப் பத்திரிகையிலும் 'பைலட் சார் குடும்பம்' என்றே எழுதிக் கொடுத்தோம். அவர் சம்சாரம் பைலட்டக்கா ஆனார். முப்பத்திரண்டு வருடம்.

பைலட்டக்கா இப்போது விமானத்தின் நிழலில் நின்றார். கையில் வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடிக் கூடு.

அவர் மீதிப் படிகளையும் ஏறினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

காலை உள்ளே வைக்கவில்லை.

ஏணியில் நின்றபடியே இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். காலி இருக்கையின் தோள் பக்கம் எதையோ இழுத்தார். இடுப்புப் பக்கம் எதையோ பூட்டினார். பூட்டியதை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்.

அங்கே பெல்ட்டே இல்லை. எலிகள் என்றைக்கோ முடித்துவிட்டன.

கைகளுக்கு அது தெரியவில்லை.

கடைசியாக இருக்கையிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில் வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

கேமரா வைத்திருந்த பெண் தன்யா. அவளுக்கு எங்களுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். பைலட்டை உட்காரவைத்துப் பெல்ட் மாட்டிவிடுகிறவர் செய்கிற வேலையாம் அது. இருக்கையின் பாதுகாப்பு ஊசிகளைப் பிடுங்கி, எல்லாம் எடுத்தாயிற்று பாருங்கள் என்று பைலட்டிடம் காட்டிவிட்டு அவர் இறங்கிவிட வேண்டும். கிளம்புமுன் பைலட் கிட்டத்தில் பார்க்கிற கடைசி முகம் அவருடையதுதானாம்.

மரகதத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். தன்யா சொன்னது விழாமல், உள்ளே உட்காரச் சொல்லிக் கத்தினாள்.

பைலட்டக்கா தன்யாவிடம் வந்தார்.

"அவருக்கு உக்காந்து பழக்கமில்லைங்க. நின்னமேனிக்கே எடுத்துக்குங்க."

வெயில் ஏறிவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அக்காவுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான், நாங்கள் பைலட்டக்கா என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

ஏணியில் அவருடைய முதுகு தளர்ந்தது. இறங்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை. வேட்டி நுனியால் கண்ணாடி மூடியின் விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

டாட்டா காட்டிச் சிரிக்கத்தான் அத்தனை பேரும் வந்திருந்தோம். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேலேயிருந்து பார்த்தால் நம் தெரு தெரியுமா என்று அவரிடம் கேட்டிருக்கிறோம். மேகத்துக்குள் குளிருமா என்று கேட்டிருக்கிறோம். அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

தன்யா படம் எடுத்தாள். ஏணியில் ஒரு முதுகு. மூடியின் விளிம்பில் ஒரு கை. நன்றாகத்தான் வந்திருந்தது.

பிறகு அதன் கீழே எழுதுவதற்காகப் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். பைலட் என்று எழுதப்போவதில்லை என்பது எங்களுக்கே தெரிந்தது.

"சார் பேர் என்னங்கம்மா?"

பைலட்டக்கா புருஷன் பெயரை வாயால் சொல்கிறவர் இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

வெட்கமாய்ச் சிரித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். சொல்லுங்களேன் என்பதுபோல.

மரகதம் என்னைப் பார்த்தாள்.

நான் அடுத்து நின்றவளைப் பார்த்தேன்.